பெயர்ப்பலகையின் கடைசிச் சொல்: பம்பாய் கேட்டரிங் கல்லூரியின் கதை

சென்னை தரமணியில் மத்திய அரசு நடத்தும் கேட்டரிங் கல்லூரியின் முழுப்பெயரை ஒரே மூச்சில் சொல்லிவிட முடியாது. இன்ஸ்டிடியூட் ஆஃப் ஓட்டல் மேனேஜ்மென்ட், கேட்டரிங் டெக்னாலஜி அண்ட் அப்ளைடு நியூட்ரிஷன். ஓட்டல் நிர்வாகம் புரிகிறது, கேட்டரிங்கும் புரிகிறது. வாலில் தொங்கும் அந்த 'நியூட்ரிஷன்' எதற்கு? வெண்ணெயையும் க்ரீமையும் தாராளமாகக் கொட்டிச் சமைக்கும் நட்சத்திர ஓட்டலுக்கு வேலைக்குப் போகப்போகிற பிள்ளையின் கல்லூரிப் பெயரில் ஊட்டச்சத்துக்கு என்ன வேலை? மும்பையிலும் கொல்கத்தாவிலும் உள்ள நிலையங்களின் பெயரிலும் இதே வால் இருக்கிறது. சேர்க்கைப் படிவம் நிரப்பும் மாணவர்கள் அதைப் படித்துவிட்டுக் கடந்து போகிறார்கள். இந்தப் பள்ளிகளின் வரலாறு முழுவதும் அந்தக் கடைசிச் சொல்லில்தான் இருக்கிறது என்று நான் நினைக்கிறேன். அதைப் பிடித்துக்கொண்டு பின்னால் நடந்தால் நாம் போய்ச் சேருவது 1954ஆம் ஆண்டின் பம்பாய்க்கு. அங்கிருந்தும் சில ஆண்டுகள் பின்னால் போகவேண்டும், ரேஷன் கடை வரிசைக்கு.

அரிசி கேட்கக் கூடாத உணவகம்

1943இல் வங்காளத்தில் பஞ்சத்தால் இறந்தவர்கள் 30 லட்சம் பேர் வரை இருக்கலாம் என்று மதிப்பிடுகிறார்கள். அந்த நினைவு ஆறுவதற்குள் 1947இல் நாடு இரண்டானது. கால்வாய்ப் பாசனத்தில் செழித்த மேற்குப் பஞ்சாபின் கோதுமை வயல்களும் கிழக்கு வங்காளத்தின் நெல் வயல்களும் எல்லைக்கு அப்பால் போயின. அகதிகளாக வந்த வயிறுகள் இந்தப் பக்கம் சேர்ந்தன. 1950 ஆகஸ்டு 15 அன்று அசாமில் பெரும் நிலநடுக்கம். பீகாரில் வறட்சி. சென்னை மாகாணத்தில் ஆண்டுக்கு ஆண்டு மழை பொய்த்து, ராயலசீமையில் கஞ்சித்தொட்டி வைக்கும் நிலை. 1951இல் அமெரிக்கா 19 கோடி டாலர் கடன் கொடுத்து, சுமார் 20 லட்சம் டன் தானியம் வருவதற்கு வழி செய்தது. சுதந்திரம் பெற்ற நான்காவது ஆண்டில் ஒரு நாடு அடுத்த வேளைச் சோற்றுக்காகக் கப்பலை எதிர்பார்த்திருந்தது.

அப்போது, 1950 மே முதல் 1952 வரை, மத்திய உணவு, வேளாண் அமைச்சராக இருந்தவர் கே. எம். முன்ஷி. மரம் நடும் வனமகோத்சவத்தைத் தொடங்கியவர் என்று இன்று நினைவுகூரப்படுகிறார். வாரத்தில் ஒரு வேளை உணவை விடுங்கள், அரிசி கோதுமைக்குப் பதிலாகக் கிழங்கும் காய்கறியும் சாப்பிடுங்கள் என்ற பிரசாரமும் அவர் காலத்தில் நடந்தது. பிரசாரத்தால் பசி தீராது. நாக்கும் அவ்வளவு எளிதில் மாறாது. சோறு உண்டால்தான் சாப்பிட்டதாகக் கருதும் மனிதரிடம் மரவள்ளிக்கிழங்கை நீட்டினால், அதை அவர் பஞ்சகாலத்து அவமானமாகத்தான் பார்ப்பார். அதே கிழங்கை நன்றாகச் சமைத்து, சுத்தமான மேசையில், நியாயமான விலைக்கு வைத்தால்?

இந்தக் கேள்வியைக் கையில் எடுத்தவர் அமைச்சரின் மனைவி லீலாவதி முன்ஷி. அமைச்சரின் மனைவி என்ற அறிமுகம் அவருக்குப் போதாது. 1899இல் பிறந்தவர், குஜராத்தி எழுத்தாளர், உப்புச் சத்தியாகிரகத்தில் சிறை சென்றவர், பம்பாய்ச் சட்டமன்றத்தில் இருந்தவர், 1952 முதல் 1958 வரை மாநிலங்களவை உறுப்பினர். அவர் தலைமையில் இயங்கிய அகில இந்திய மகளிர் உணவுக் கவுன்சில் 'அன்னபூர்ணா' என்ற பெயரில் சிற்றுண்டி நிலையங்களைத் திறந்தது. டில்லியில் தொடங்கிய இவை பிற நகரங்களுக்கும் பரவின. பெண்களே நடத்தினார்கள். அரிசியும் கோதுமையும் தேவைப்படாத உணவுகளைப் பரிமாறுவதே நோக்கம். அன்னத்தின் தேவியின் பெயரை வைத்த கடையில் அன்னம் கிடையாது. அந்தப் பெயரில் ஒரு துணிச்சல் இருப்பதாக எனக்குத் தோன்றுகிறது. அன்னம் என்பது அரிசி மட்டுமல்ல என்று அந்தப் பெண்கள் வாதாடிப் பார்க்கவில்லை. தட்டில் வைத்துக் காட்டினார்கள்.

இதே காலத்தில் மைசூரில் 1950இல் அமைந்த மத்திய உணவுத் தொழில்நுட்ப ஆய்வு நிலையம், மரவள்ளி மாவையும் நிலக்கடலை மாவையும் சேர்த்து மாற்று உணவுகளைச் செய்து பார்த்துக்கொண்டிருந்தது. ஆய்வுக்கூடத்தில் புரதமும் மாவுச்சத்தும் கணக்காகக் கூடின. அடுப்படியில்தான் சிக்கல். புதுப் பொருளைப் பழைய நாக்குக்கு ஏற்றபடி, நூற்றுக்கணக்கான பேருக்கு, நாள் தவறாமல், ஒரே தரத்தில் சமைத்துத் தருகிறவர்கள் யார்? அப்படிப்பட்டவர்களை எங்கே பயிற்றுவிப்பது?

அந்தேரியில் சில அறைகள்

அதற்குப் பதிலாக 1954இல், பம்பாயின் அந்தேரியில் இருந்த பவன்ஸ் கல்லூரியின் ஓரிரு அறைகளில், லீலாவதி முன்ஷியின் மகளிர் உணவுக் கவுன்சில் கேட்டரிங் பள்ளியைத் தொடங்கியது. அக்கல்லூரி, முன்ஷி 1938இல் நிறுவிய பாரதிய வித்யா பவனைச் சேர்ந்தது. கையளவு மாணவர்கள், கையளவு ஆசிரியர்கள், கைத்தொழில் மட்டத்திலான குறுகிய படிப்புகள். தென்கிழக்கு ஆசியப் பகுதியிலேயே இத்தகைய முதல் நிறுவனம் என்று அதைச் சொல்வதுண்டு.

தொடங்கிய ஆண்டு முக்கியம். ராஜாஜி 1952 ஜூனில் சென்னை மாகாணத்தில் ரேஷனை எடுத்துவிட்டார். முன்ஷிக்குப் பின் உணவு அமைச்சரான ரஃபி அகமது கித்வாய் 1954க்குள் நாடு முழுவதும் கட்டுப்பாடுகளைத் தளர்த்தி முடித்தார். மழையும் கைகொடுத்திருந்தது. பஞ்சத்துக்காகத் திட்டமிட்ட பள்ளி, பஞ்சம் சற்றுத் தணிந்த ஆண்டில்தான் கதவைத் திறந்தது. நெருக்கடிக்காகத் தொடங்கும் பெரும்பாலான திட்டங்கள் இந்தக் கட்டத்தில் செத்துப்போகும். இந்தப் பள்ளி சாகவில்லை. மாற்று உணவு என்ற அவசரம் பின்னுக்குப் போனபிறகும், பலருக்குச் சமைப்பது ஒரு தனிக் கல்வி என்ற உண்மை அப்படியே நின்றதுதான் காரணம். ஆலைகளில் தொழிலாளர் கேன்டீன், மருத்துவமனைகள், மாணவர் விடுதிகள், ரயில்வே என்று கூட்டமாக உண்ணும் இடங்கள் பெருகிவந்த காலம் அது.

பலருக்குச் சமைப்பதை நம்மில் பலர் வீட்டுச் சமையலின் பெருக்கல் கணக்காக நினைக்கிறோம். நான்கு பேருக்கு வைக்கும் சாம்பாரின் அளவுகளை நூறால் பெருக்கினால் நானூறு பேருக்குச் சாம்பார் வராது. பாத்திரம் பெரிதாகும்போது குழம்பின் அளவு ஏறும் வேகத்தில் மேற்பரப்பு ஏறுவதில்லை; ஆவியாகும் நீரின் பங்கு குறைகிறது. எனவே பெருக்கல் கணக்குப்படி தண்ணீர் ஊற்றினால் நீர்த்துப்போகும். மிளகாயும் தாளிதமும் அதே விகிதத்தில் ஏறினால் வாயில் வைக்க முடியாது. அண்டாவின் அடியில் பருப்பு பிடிக்கும்போது மேலே இன்னும் வெந்திருக்காது. சோறு இன்னும் அபாயமானது. அரிசியில் ஒட்டிவரும் ஒருவகை பாக்டீரியாவின் வித்துகள் கொதியிலும் சாவதில்லை. பெரிய பாத்திரச் சோறு மெல்ல ஆறும்போது, 60 டிகிரிக்கும் 5 டிகிரிக்கும் இடைப்பட்ட வெப்பத்தில் மணிக்கணக்கில் கிடந்தால் அவை முளைத்து நஞ்சை உண்டாக்கும். வீட்டில் ஒரு தவறு நான்கு வயிறுகளைக் கெடுக்கும். விடுதியில் அதே தவறு நானூறு வயிறுகளைக் கெடுக்கும்.

ஊட்டச்சத்தும் இங்கேதான் சமையலோடு சேர்கிறது. கஞ்சியை வடித்துக் கொட்டினால் பி வகை வைட்டமின்கள் அதோடு போய்விடும். நறுக்கியபின் காயைக் கழுவினால் வைட்டமின் சி கரைந்துவிடும். அரிசியைத் திரும்பத் திரும்பக் களைவதும் அப்படித்தான். பற்றாக்குறை நாட்டில் ஒரு சமையற்காரருக்கு இது தெரியாமலிருப்பது, கையில் இருக்கும் கொஞ்சத்தையும் சாக்கடையில் ஊற்றுவதற்குச் சமம். 'அப்ளைடு' என்ற சொல்லின் பொருள் இதுதான்: புத்தகத்து ஊட்டச்சத்து அடுப்படிக்கு வருவது.

இன்னொன்றையும் சொல்லவேண்டும். அதுவரை நம் நாட்டில் பெருஞ்சமையல் தெரிந்தவர்கள் இல்லாமலில்லை. கோயில் மடைப்பள்ளிகளும் கல்யாண சமையல் குழுக்களும் ஆயிரம் பேருக்கு அனாயாசமாகச் சமைத்தன. தவசிப்பிள்ளைகளின் கண் அளவுக்குத் தராசு தோற்றுப்போகும். ஆனால் அந்த அறிவு குடும்பத்துக்குள்ளும் சாதிக்குள்ளும் கைமாறியது. யார் சமைக்கலாம், யார் சமைத்ததை யார் உண்ணலாம் என்பதில் கைப்பக்குவத்தைவிடப் பிறப்பே முதலில் பார்க்கப்பட்டது. விண்ணப்பப் படிவம் நிரப்பிய எவரும் சமையலைக் கற்கலாம், எழுதிய செய்முறை அட்டையிலிருந்து எவரும் அதே சுவையைக் கொண்டுவரலாம் என்ற ஏற்பாடு இந்தியச் சமூகத்தில் சிறிய மாற்றம் அன்று. சாதி ஒழிப்பு என்று யாரும் அதற்குப் பெயர் வைக்கவில்லை. அந்த அடுப்பைச் சுற்றி யார் யார் நின்றார்கள் என்பதை எண்ணிப் பார்த்தால் அதன் கனம் புரியும்.

1957இல் பள்ளி தாதருக்கு, இன்று அது இருக்கும் இடத்துக்கு, மாறியது. பம்பாய்க்காரர்களுக்கு அது வெறும் 'கேட்டரிங் காலேஜ்'.

தங்கம் பிலிப்

கட்டடம் கிடைத்தபின் பள்ளிக்கு ஒரு முகம் தேவைப்பட்டது. அது தங்கம் பிலிப்பின் முகம். 1921இல் பிறந்த கேரளப் பெண். 1961 முதல் 1986 வரை கால் நூற்றாண்டு இந்த நிலையத்தின் முதல்வர். ஐ.நா. உணவு வேளாண் அமைப்புக்கு ஆலோசகராக இருந்தவர். அந்த அமைப்பு 1975இல் அவர் உருவம் பொறித்த செரஸ் பதக்கத்தை வெளியிட்டது. 1976இல் பத்மஸ்ரீ. 2009இல் மறைந்தார்.

இந்தப் பதக்கத்தை நான் கவனமாகப் பார்க்கிறேன். செரஸ் ரோமானியர்களின் தானிய தேவதை. சமையல் கல்லூரி முதல்வர் ஒருவருக்கு அந்தக் கௌரவத்தைக் கொடுத்தது ஓட்டல் முதலாளிகளின் சங்கமோ சுற்றுலா அமைப்போ அல்ல. உலகப் பசியைக் கணக்கெடுக்கும் அமைப்பு. 1970களின் நடுவிலும் அந்தப் பள்ளியை உலகம் எந்தக் கணக்கில் வைத்திருந்தது என்பதற்கு இதைவிட நல்ல சாட்சி கிடைக்காது.

அவர் எழுதிய 'மாடர்ன் குக்கரி' என்ற இரண்டு தொகுதிப் பாடநூல் இந்தியாவின் கேட்டரிங் மாணவர்கள் பல தலைமுறையாகப் புரட்டியது. கற்பிப்பதற்கும் தொழிலுக்கும் என்று அதன் தலைப்பிலேயே இருக்கும். அதுவரை இந்தியச் சமையல் புத்தகம் என்றால் இல்லத்தரசிக்கானது. 'சிறிது', 'தேவையான அளவு' என்று எழுதுவார்கள். அம்மாவின் அருகில் நின்று பழகிய பெண்ணுக்கு அது போதும். காசர்கோட்டுப் பையன் கல்கத்தா அடுப்படியில் பஞ்சாபிக் குழம்பு வைக்க அது போதாது. கிராமில் எழுதினால்தான் அவனுக்குக் கைகொடுக்கும்.

சென்னைக்கு வந்தது

1960களின் தொடக்கத்தில் மத்திய உணவுத் துறை இதே மாதிரியில் மற்ற பெருநகரங்களிலும் நிலையங்களைத் திறந்தது. டில்லி பூசாவில் 1962, சென்னையிலும் கல்கத்தாவிலும் 1963. சென்னை நிலையத்தின் அன்றைய பெயர் 'இன்ஸ்டிடியூட் ஆஃப் கேட்டரிங் டெக்னாலஜி அண்ட் அப்ளைடு நியூட்ரிஷன்'. ஓட்டல் என்ற சொல் அதில் இல்லை. இன்று தலையில் இருக்கும் சொல் பின்னால் வந்து சேர்ந்தது. வால் என்று நாம் நினைப்பது தொடக்கத்தில் உடம்பில் பாதி.

சென்னை நிலையம் பிறந்த நேரத்தைத் தமிழ்நாட்டு அரசியல் படித்தவர்களுக்கு விளக்கவேண்டியதில்லை. அடுத்த சில ஆண்டுகளில் அரிசித் தட்டுப்பாடு முற்றியது. 1965இல் பிரதமர் சாஸ்திரி திங்கட்கிழமை இரவு உணவை விடும்படி நாட்டைக் கேட்டார். அன்று மாலை உணவகங்கள் அடுப்பை அணைத்தன. 1966இல் இந்தியா இறக்குமதி செய்த தானியம் சுமார் ஒரு கோடி டன்; பெரும்பகுதி, பி.எல். 480 என்ற உணவு உதவிச் சட்டத்தின்கீழ் அமெரிக்கா அனுப்பிய கோதுமை. 1967 தேர்தலில் தி.மு.க. 'ரூபாய்க்கு மூன்று படி லட்சியம், ஒரு படி நிச்சயம்' என்று சொல்லி ஆட்சியைப் பிடித்தது. ஆட்சியையே மாற்றிய அரிசியின் காலத்தில் இந்த நகரத்தில் ஒரு சமையல் கல்லூரி நடந்துகொண்டிருந்தது. அதன் பெயரில் ஊட்டச்சத்து ஏன் இருந்தது என்று அன்று யாரும் கேட்டிருக்க மாட்டார்கள்.

ஓட்டல் உள்ளே வருகிறது

இன்னொரு நீரோட்டமும் இதற்கிடையே ஓடிக்கொண்டிருந்தது. 1956இல் டில்லியில் யுனெஸ்கோ மாநாடு நடந்தது. வருகிறவர்களைத் தங்கவைக்கத் தரமான இடம் வேண்டும் என்று அசோகா ஓட்டல் எழுந்தது. 1966இல் இந்தியச் சுற்றுலா வளர்ச்சிக் கழகம் பிறந்தது. அதே ஆண்டு ஓபராய் குழுமம் தனக்கென ஒரு பயிற்சிப் பள்ளி தொடங்கியது. 1974இல் சென்னையில் தாஜ் கோரமண்டல். பெரிய ஓட்டல்களுக்குப் பயிற்சி பெற்ற ஆட்கள் தேவைப்பட்டார்கள். அரசின் கேட்டரிங் கல்லூரிகளில் அப்படிப்பட்டவர்கள் தயாராக இருந்தார்கள். படித்த பிள்ளைகளும் கேன்டீன் சம்பளத்தை விட்டு ஓட்டல் சம்பளத்துக்குப் போனார்கள். அதில் குறை காண எனக்கு மனம் வரவில்லை. சமையற்கட்டில் நிற்கப்போகிறேன் என்று சொன்ன மகனை வீடு ஏற்றுக்கொண்டதே அந்த வெள்ளைக் கோட்டுக்கும் உயர்ந்த தொப்பிக்கும் கிடைத்த மரியாதையால்தான்.

பசுமைப் புரட்சியும் வந்தது. 1968இல் அரசு கோதுமைப் புரட்சிக்கு அஞ்சல்தலை வெளியிட்டது. கப்பலை எதிர்பார்த்த நாட்கள் முடிந்தன. மாற்று உணவுப் பிரசாரம் கோப்புகளுக்குள் போயிற்று.

திருப்பம் 1982இல் நிகழ்ந்தது. அந்த ஆண்டு இந்த நிலையங்கள் உணவுத் துறையிலிருந்து சுற்றுலாத் துறைக்கு மாற்றப்பட்டன. அவற்றை ஒருங்கிணைக்க ஓட்டல் நிர்வாக, கேட்டரிங் தொழில்நுட்பத் தேசியக் கவுன்சில் அமைக்கப்பட்டது. நவம்பரில் டில்லியில் ஆசிய விளையாட்டுப் போட்டி. தலைநகரில் ஓட்டல்கள் எழும்பிக்கொண்டிருந்த நேரம். நிர்வாக நோக்கில் பொருத்தமான முடிவு. ஒரே பாடத்திட்டம், ஒரே தேர்வு, நாடு முழுவதும் செல்லும் சான்றிதழ் என்று இதனால் கிடைத்த நன்மைகள் உண்மையானவை. சிறு நகரத்துப் பிள்ளைகளும் நுழைவுத்தேர்வு எழுதி உலகின் எந்த ஓட்டலுக்கும் போக முடிந்தது.

ஆனால் எந்த அமைச்சகம் சம்பளம் தருகிறதோ அதன் கேள்விக்குத்தான் ஒரு கல்லூரி பதில் சொல்லும். உணவுத் துறையின் கேள்வி, இருக்கும் தானியத்தை வைத்து எத்தனை பேருக்கு நல்ல உணவு தரலாம் என்பது. சுற்றுலாத் துறையின் கேள்வி, வருகிற விருந்தினர் திருப்தியாகத் திரும்புவாரா என்பது. இரண்டும் நல்ல கேள்விகள்தான். இரண்டாவது கேள்வி வந்தபோது முதலாவதை யாரும் எடுத்து வைத்துக் காப்பாற்றவில்லை என்பதே என் வருத்தம். மூன்றாண்டுப் படிப்பு இப்போது பி.எஸ்சி. பட்டம், விருந்தோம்பல், ஓட்டல் நிர்வாகம் என்பது அதன் பெயர். கல்லூரியின் பெயரில் மிஞ்சியிருக்கும் ஊட்டச்சத்து, பட்டத்தின் பெயரில் இல்லை. பாடங்களில் ஒன்றாக இன்னும் இருக்கிறது; முன்னலுவலகம், அறைப் பராமரிப்பு, உணவு தயாரிப்பு, பரிமாறல் என்ற நான்கு தூண்களுக்கு நடுவில்.

அடுப்படியிலும் இதே நகர்வு. முதலாண்டு மாணவர் பெஷமல், வெலூட்டே, எஸ்பன்யோல் என்று பிரெஞ்சுத் தாய்ச் சாறுகளை, அதாவது மற்ற சாஸ்களுக்கு அடிப்படையானவற்றை, மனப்பாடம் செய்கிறார். காயை ஜூலியன் வெட்டும் புரூன்வாஸ் வெட்டும் பழகுகிறார். இந்திய வட்டார உணவு பிறகுதான் பெருஞ்சமையல் வகுப்பில் வருகிறது. பிரெஞ்சு முறை ஒழுங்கானது, கற்பிக்கத் தோதானது. அதை நான் மறுக்கவில்லை. புளியும் பருப்பும் சேர்ந்த நம் ரசம், குழம்பு வகைகளுக்கும் அதேபோல ஒரு தாய்வரிசை எழுத முடியும். அந்த வேலை பாதியில் நிற்கிறது. இந்தியச் சமையலுக்கென்றே சுற்றுலாத் துறை திருப்பதியிலும் நொய்டாவிலும் தனி நிறுவனங்கள் தொடங்கியபோது மகிழ்ந்தவர்களில் நானும் ஒருவன்.

பெண்கள் கவுன்சில் தொடங்கி, ஒரு பெண் முதல்வர் கால் நூற்றாண்டு வளர்த்த இந்தக் கல்வி, பெரிய ஓட்டல்களின் சமையற்கட்டைப் பெரும்பாலும் ஆண்களால் நிரப்பியது. இதைத் தனியாக ஆராயவேண்டும்.

1950களில் மாற்று உணவு என்று மக்களிடம் மன்றாடிக் கொடுத்தவை இன்று ஓட்டல் மெனுவில் பெருமையோடு நிற்கின்றன. சிறுதானியத்துக்கு ஐ.நா. 2023ஆம் ஆண்டையே ஒதுக்கியது. மரவள்ளி வறுவல் மதுக்கூடங்களில் தட்டில் வருகிறது. அன்னபூர்ணா பெண்கள் சொன்னது இதுதான்: நன்றாகச் சமைத்தால் எதுவும் ஏழையின் உணவு இல்லை.

அந்த வால் முழுதாக அறுந்துவிடவில்லை. இந்த நிலையங்கள் சிலவற்றில் மருத்துவமனை உணவுச் சேவையும் உணவுமுறையியலும் சேர்ந்த முதுநிலைப் பட்டயப் படிப்பு நடக்கிறது. ஓட்டல் படிப்புக்கு வரும் கூட்டம் அதற்கு வராது. அந்த வகுப்பு மாணவர் சிறுநீரக நோயாளியின் குழம்புக்கு உப்பைத் தராசில் வைத்து நிறுக்கிறார். நீரிழிவு வார்டுக்குப் போகும் சோற்றைக் கிண்ணத்தில் அளக்கிறார். வாய்க்குப் பிடிக்காவிட்டால் நோயாளி தட்டைத் தள்ளிவிடுவார் என்பதால் அந்த உப்பில்லாக் குழம்புக்குச் சுவை ஏற்ற இஞ்சியும் எலுமிச்சையும் மல்லித்தழையும் எவ்வளவு சேர்க்கலாம் என்று கணக்குப் போடுகிறார்.